அட்டை மாறினால் பெறுமதி கூடுமா?

ஜேர்சி சிற்றியின் நாயகியும் சேகரிப்பாளரின் கணக்கும்

அமெரிக்கச் சித்திரக்கதைகளில் வீரதீரம் புரிவோருக்கு ஊர் ஒன்று வேண்டும் என்பது எழுதப்படாத விதி. சுப்பர்மானுக்கு மெற்றோபொலிஸ், பற்மானுக்குக் கோதம் என, உலகப்படத்தில் இல்லாத நகரங்களை அந்நாட்டு வெளியீட்டாளர்கள் படைத்துக் கொடுத்தனர். ஸ்பைடர்மானுக்கு நியூயோர்க்கின் குயின்ஸ் பகுதி வாய்த்தது. 2013ஆம் ஆண்டில் மார்வல் நிறுவனம் புதிய நாயகி ஒருத்திக்கு இருப்பிடம் தேடியபோது, அந்த முகவரி ஹட்சன் ஆற்றைக் கடந்து மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. மன்ஹற்றனின் வானளாவிய கட்டடங்களை எதிரே பார்த்தபடி, அங்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவோரின் நகரமாக விளங்கும் ஜேர்சி சிற்றியே அவ்விடம்.

நாயகியின் பெயர் கமலா கான். பெயரின் முற்பாதியைக் கேட்டு எம்மவர் பிள்ளையோ என எண்ணத் தோன்றும். ஆனால் அவள் பாகிஸ்தானில் இருந்து குடிபெயர்ந்த பெற்றோரின் பதினாறு வயது மகள். வீட்டின் கட்டுப்பாட்டுக்கும் வெளியுலகின் இழுப்புக்கும் இடையே அல்லாடும் அவளுடைய நிலை, புலம்பெயர்ந்த எந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கும் அந்நியமானதல்ல. நியூ ஜேர்சியில் வளர்ந்த சனா அமனாத் என்ற பெண் பதிப்பாசிரியரின் அனுபவங்களில் இருந்து முளைவிட்ட இப்பாத்திரத்துக்கு எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சன் உயிர் கொடுத்தார். கனடாவைச் சேர்ந்த ஓவியர் ஏட்ரியன் அல்போனா உருவம் கொடுத்தார். 2014 பெப்ரவரியில் 'மிஸ் மார்வல்' என்ற தனி இதழாக அவள் வெளிவந்தபோது, அதன் விலை 2 டொலர் 99 சதம். நியூவார்க் அவனியூவில் சேலைக் கடைகளும் பலகாரக் கடைகளும் வரிசையாக நிற்கும் 'இந்தியா ஸ்குயார்' பகுதியில் ஒரு தோசைக்குக் கொடுக்கும் பணத்திலும் குறைவு அது.

அந்த 2 டொலர் 99 சதப் பொருளும் அதன் உடன்பிறப்புகளும் பின்னர் அடைந்த விலைகளும், இழந்த விலைகளுமே இக்கட்டுரையின் பொருள். காரணம் உண்டு. எம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று பிள்ளைகள் பிளாஸ்ரிக் உறையிலிட்ட சித்திரக்கதைகளைப் பெட்டி பெட்டியாகச் சேர்க்கின்றனர். வாசிப்பதற்காகச் சேர்த்தால் யாருக்கும் மறுப்பில்லை. "இது அரிய அட்டை, பின்னாளில் பல்கலைக்கழகச் செலவுக்கு உதவும்" என்று சொல்லிச் சேர்க்கும்போதுதான் பெற்றோருக்குத் திகைப்பு ஏற்படுகின்றது. ஒரே கதை, ஒரே பக்கங்கள், அட்டைப்படம் மட்டும் வேறு. அதற்கு ஐம்பது டொலர், நூறு டொலர் என்று விலை. 'வேரியன்ற்' என்று கடைக்காரர் அழைக்கும் இந்த மாற்று அட்டைப் பதிப்புகள் தம் பெறுமதியைத் தக்கவைக்குமா?

பெரும்பாலானவை தக்கவைப்பதில்லை. சில தக்கவைக்கின்றன, சில வியக்கத்தக்க அளவில் ஏறியும் இருக்கின்றன. ஆனால் அவ்வாறு ஏறியவற்றுள் மிகப் பல, அரிதாக இருக்கவேண்டும் என்று வெளியீட்டாளர் திட்டமிட்டு அச்சிட்டவை அல்ல. கமலா கானின் சரித்திரத்தையே எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

கமலாவின் முதல் வரவு

தனி இதழ் பெறுவதற்கு முன்னரே கமலா தலைகாட்டிவிட்டாள். 2013ஆம் ஆண்டில் 'கப்டன் மார்வல்' இதழ் 14இல், கூட்டத்தில் நிற்கும் ஒரு பெண்ணாக, பெயர்கூடச் சொல்லப்படாமல் ஒரு கணம் தோன்றினாள். அதே தொடரின் இதழ் 17இன் இறுதியில் மீண்டும் வந்தாள். அத்தொடர் அந்த 17ஆவது இதழோடு நிறுத்தப்பட்டது என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். முடியப் போகும் தொடரின் கடைசி இதழைக் கடைக்காரர்கள் அதிகமாக வரவழைப்பதில்லை. புதிய நாயகி பற்றிய செய்தி 2013 நவம்பரில் நாளேடுகளில் வெளியானதும் அவ்விதழைத் தேடி ஆட்கள் வர, மார்வல் நிறுவனம் இரண்டாம் பதிப்பு ஒன்றை அச்சிட்டது. அதன் அட்டையில் கமலாவின் உருவத்தை இட்டது. கமலா அட்டையில் தோன்றிய முதல் இதழ் அதுவே.

இரண்டாம் பதிப்பு என்பதற்குச் சேகரிப்பாளரிடையே பொதுவாக மதிப்பில்லை. நூலைச் சேர்ப்பவர் முதற்பதிப்பையே நாடுவது போல இவர்களும் முதற்பதிப்பையே நாடுவர். ஆதலால் கடைக்காரர்கள் சொற்பமாகவே வரவழைத்தனர், வந்தவற்றையும் எவரும் பத்திரப்படுத்தவில்லை. சில ஆண்டுகளின் பின் கமலா புகழ் பெற்றபோது எல்லோரும் தேடியது அந்த இரண்டாம் பதிப்பையே. அவளுடைய இதழ்கள் அனைத்திலும் இன்று மிகவும் விரும்பப்படும் பிரதிகளில் ஒன்றாக அது இருந்து வருகின்றது.

இதற்கு நேர்மாறானது 2014இன் 'மிஸ் மார்வல்' முதலாம் இதழ். சாரா பிச்செல்லி வரைந்த பொது அட்டையுடன், ஆர்தர் அடம்ஸ் போன்ற பெயர்பெற்ற ஓவியர்களின் மாற்று அட்டைகளும் தொடக்கத்திலேயே வெளியாயின. இவை அரிய பதிப்புகள் என அறிவிக்கப்பட்டே விற்பனைக்கு வந்தன. வாங்கியவர் அனைவரும் அன்றே உறையிலிட்டுப் பூட்டி வைத்தனர். அதேவேளை அவ்விதழுக்கு வரவேற்பு மிகுந்து, ஆறு தடவைக்கு மேல் அச்சேறியது. இக்காலத்து ஒற்றை இதழ் ஒன்றுக்கு அது அபூர்வமான நிகழ்ச்சி. அடுத்த ஆண்டு, அதன் முதற் தொகுப்பு நூல் சிறந்த சித்திரக்கதைக்கான ஹியூகோ விருதைப் பெற்றது. 2015 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் இஸ்லாமியருக்கு எதிராக ஒட்டப்பட்ட விளம்பரங்களின் மேல் யாரோ கமலாவின் படத்தை ஒட்டி மூடிய சம்பவமும் நிகழ்ந்தது. ஒரு சித்திரக்கதைப் பாத்திரம் ஒரு சமூகத்தின் முகமாக மாறுவது அன்றாடம் நிகழ்வதன்று. மாற்று அட்டைகளின் விலையை ஓரளவு தாங்கி நிற்பதும் இத்தகைய ஈர்ப்பே. அட்டை எத்தனை பேருக்கு ஒன்று என்ற கணக்கு அதற்கு அடுத்தபடியே வரும்.

இருபத்தைந்துக்கு ஒன்று

அந்தக் கணக்கையும் சற்று விளக்கவேண்டும். அமெரிக்கச் சித்திரக்கதைக் கடைகள் இதழ்களை வெளியீட்டாளரிடம் இருந்து முன்கூட்டியே சொல்லி வாங்குகின்றன. விற்காதவற்றைத் திருப்பிக் கொடுக்க இயலாது. 1970களில் புரூக்ளினைச் சேர்ந்த பில் சூலிங் என்பவர் ஏற்படுத்திய இந்த நேரடி விநியோக முறையில், நட்டம் எதுவாயினும் கடைக்காரரின் தலையிலேயே விழும். ஆகவே கூடுதலாக வாங்க அவரைத் தூண்டுவதற்கு நிறுவனங்கள் ஓர் உபாயம் கண்டன. பொது அட்டையுள்ள பிரதிகள் இருபத்தைந்தை வாங்கினால் மாற்று அட்டைப் பிரதி ஒன்று வாங்கும் உரிமை கிடைக்கும். சிலவற்றுக்கு ஐம்பதுக்கு ஒன்று, நூறுக்கு ஒன்று என விகிதம் உயரும்.

ஒரு சிறு கடையை எண்ணிப் பாருங்கள். அக்கடையில் குறித்த இதழுக்குப் பத்து வாசகரே உண்டு எனக் கொள்வோம். மாற்று அட்டை ஒன்றைப் பெறுவதற்காக இருபத்தைந்து பிரதிகளை வாங்குகின்றார். பதினைந்து மிஞ்சுகின்றன. அவை ஒரு டொலர் பெட்டிக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும். அந்த நட்டத்தை எவ்விடத்தில் ஈடுசெய்வார்? மாற்று அட்டைப் பிரதியின் விலையிலேதான். ஆகவே அதற்கு நாற்பது, ஐம்பது டொலர் கேட்கின்றார். அந்த விலை ஓவியத்தின் சிறப்பால் பிறந்தது என்று வாங்குபவர் நினைக்கின்றார். உண்மையில் அதிற் பெரும்பங்கு, விற்காத பதினைந்து பிரதிகளின் செலவு.

எம் தாய்மாருக்கு இதனை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: செய்கூலி. நகைக் கடையில் சங்கிலி வாங்கும்போது பவுணின் விலையோடு செய்கூலியும் சேதாரமும் சேர்த்தே கொடுக்கின்றோம். அவசரத்துக்கு அதே சங்கிலியை விற்கப்போனால் பவுணுக்கு மட்டுமே விலை. வேலைப்பாடு எவ்வளவு நுணுக்கமாயினும் செய்கூலி திரும்பி வராது. மாற்று அட்டைக்கு முதல் வாரத்தில் கொடுக்கும் மேலதிகப் பணமும் அத்தகையதே. உள்ளே பவுண் இருந்தால், அதாவது அந்த இதழிலேயே ஒரு பாத்திரத்தின் முதல் வரவோ, மறக்கமுடியாத ஒரு கதையோ இருந்தால், விலை நிற்கும். இல்லையேல் கூலி மட்டுமே மிஞ்சும், அதை யாரும் தரமாட்டார்கள்.

மேலும் ஒரு வேறுபாடு. பவுண் பூமியில் இருந்து எடுக்கப்படுவது. மாற்று அட்டையோ வேண்டியபோது அச்சிடப்படுவது. ஒரு மாதத்தில் ஓர் இதழுக்கு ஐந்து, பத்து அட்டைகள் என்று வெளிவரும் காலம் இது. நியூயோர்க்கில் ஜவிற்ஸ் மண்டபத்தில் ஆண்டுதோறும் நடக்கும் சித்திரக்கதை மாநாட்டுக்கு ஒன்று, குறிப்பிட்ட கடைக்கு மட்டும் ஒன்று, வண்ணமில்லாத வெற்றுக்கோட்டு ஓவியத்துக்கு ஒன்று என்று அவை பெருகியவாறே உள்ளன. அடுத்த மாதத்து அரிய பதிப்பு, இந்த மாதத்து அரிய பதிப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது.

ஐந்து அட்டைகளின் கதை

இது இன்று நேற்றுத் தோன்றிய வியாபாரமல்ல. 1986இல் ஜோன் பேர்ன் எழுதி வரைந்த 'மான் ஒஃப் ஸ்ரீல்' முதலாம் இதழை டி.சி. நிறுவனம் இரண்டு அட்டைகளுடன் வெளியிட்டது. 1991இல் மார்வல் நிறுவனம் 'எக்ஸ்-மென்' முதலாம் இதழை ஐந்து அட்டைகளுடன் கொண்டுவந்தது. நான்கு அட்டைகளையும் அருகருகே வைத்தால் ஒரே பெரும் ஓவியமாக இணையும். அந்த முழு ஓவியத்தையும் தாங்கி மடிப்பு அட்டையுடன் ஐந்தாவது. எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் அச்சாகி, கின்னஸ் நூலிலும் இடம்பிடித்தது. ஆனால் எண்பது இலட்சம் வாசகர் இருக்கவில்லை. ஒருவரே ஐந்தையும் வாங்கினார். இன்னொருவர் ஒவ்வொன்றிலும் பத்து வாங்கி அலுமாரியில் அடுக்கினார். அடுத்த ஆண்டு நவம்பரில், சுப்பர்மான் இறக்கும் இதழ் கறுப்பு உறையில் துக்கப் பட்டியுடன் விற்பனையானது. உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பதே முதலீடு என்று நம்பி, கதையை வாசிக்காமலே பூட்டி வைத்தோர் ஏராளம்.

பின்னர் நடந்தது தெரிந்ததே. எல்லோரும் விற்கப் போனபோது வாங்குவார் இல்லை. ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வல் நிறுவனமே வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்த 'எக்ஸ்-மென்' இதழின் சாதாரணப் பிரதியை இன்றும் சில டொலருக்கு வாங்கலாம். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், அன்று கொடுத்த ஒன்றரை டொலரை வங்கியில் இட்டிருக்கலாம் என்றே சொல்லத் தோன்றும்.

இதே மார்வல் நிறுவனம் 1976இலும் 1977இலும் செய்த வேறொரு காரியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அப்போது இதழின் விலையை ஐந்து சதத்தால் உயர்த்த எண்ணிய நிறுவனம், மக்கள் பொறுப்பார்களா என அறியச் சில நகரங்களுக்கு மட்டும் கூடிய விலை அச்சிட்ட பிரதிகளை அனுப்பியது. 1977 கோடையில் நாடெங்கும் 30 சதத்துக்கு விற்ற இதழ், ஓரிரு இடங்களில் 35 சதம் என்ற விலையுடன் விற்றது. சேகரிப்பாளருக்காக அச்சிட்டதல்ல. வாங்கிய சிறுவருக்கு வேறுபாடு தெரியாது. தெரிந்திருந்தால் ஐந்து சதம் கூடக் கேட்கிறார்களே என்றுதான் சினந்திருப்பர். சுமார் இருபது ஆண்டுகளின் பின்னரே சேகரிப்பாளர்கள் இதைக் கூர்ந்து கவனித்தனர். 35 சத விலையுடைய 'ஸ்ரார் வோர்ஸ்' முதலாம் இதழின் நல்ல பிரதிகள் இன்று பல்லாயிரம் டொலருக்குக் கைமாறுகின்றன. (அதே 35 சத விலையுடன் பிற்பாடு மறுபதிப்பும் வந்துள்ளமையால் தெரியாதவர் ஏமாறுவதும் உண்டு.)

மிக உயர்ந்த விலைகளும் இவ்வாறே பிறந்தவை. 1938இல் பத்துச் சதத்துக்கு விற்ற 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாம் இதழ், சுப்பர்மான் முதன்முதலாகத் தோன்றியது. அதன் பிரதி ஒன்று 2024 ஏப்ரலில் 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அன்று அச்சான பிரதிகள் இலட்சக்கணக்கில். எஞ்சியவை நூறளவே எனக் கணிக்கின்றனர். மற்றவை எங்கே? சிறுவர்கள் கிழியும்வரை வாசித்தார்கள். தாய்மார் குப்பையில் இட்டார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழைய தாள் சேகரித்தவர்கள் வண்டியில் ஏற்றிச் சென்றார்கள்.

படம் வருமுன்னும் வந்தபின்னும்

கமலாவிடம் திரும்புவோம். 2019 ஓகஸ்டில் அவளை வைத்துத் தொலைக்காட்சித் தொடர் தயாரிக்கப்படும் என்று டிஸ்னி நிறுவனம் அறிவித்தது. அறிவிப்பு வெளியான வேளையில் இருந்து அவளுடைய தொடக்க இதழ்களின் விலை ஏறத் தொடங்கியது. 2020இல் அவளை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட வீடியோ விளையாட்டு வந்தது. அவ்வேளையில் கொவிட் தொற்றால் வீடுகளில் முடங்கிய அமெரிக்கர் கையில் அரசின் நிவாரணக் காசு இருந்தது. சித்திரக்கதை, விளையாட்டு அட்டை, பழைய நாணயம் என எல்லாச் சேகரப் பொருட்களின் விலையும் 2021இல் உச்சத்துக்குப் போயின. கமலாவும் விலக்கல்ல.

2022 ஜூனில் தொடர் வெளியானது. விமர்சகர் பாராட்டினர். ஆயினும் விலை ஏறவில்லை. சந்தை முழுவதும் இறங்கும் காலத்தில் அதுவும் இறங்கியது. 2023 நவம்பரில் அவளும் பங்கேற்ற 'த மார்வல்ஸ்' திரைப்படம் வந்து, அந்நிறுவனத்தின் திரைப்பட வரிசையிலேயே மிகக் குறைந்த வசூல் பெற்ற படமாக முடிந்தது. உச்ச விலையில் வாங்கியவர்களுள் பலர் இன்னும் பெட்டியைத் திறக்காமல் காத்திருக்கின்றனர்.

இதனைச் சீட்டுப் பிடிப்போர் இலகுவிற் புரிந்துகொள்வர். படம் வரும் என்ற பேச்சில் விலை ஏறும்போது, ஒவ்வொருவரும் தமக்குப் பின் வருபவர் கூடுதலாகக் கேட்பார் என்ற நம்பிக்கையில் வாங்குகின்றனர். படம் வந்துவிட்டால் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பின் வருபவரும் இல்லை. கவனிக்கத்தக்கது யாதெனில், இறக்கத்தில் முதலில் விழுந்தவை விகித அட்டைகள். 'கப்டன் மார்வல்' 17இன் இரண்டாம் பதிப்பும் இறங்கத்தான் செய்தது. ஆயினும் அதற்குக் கேள்வி அற்றுப்போகவில்லை. கமலாவை விரும்பும் வாசகர் இருக்கும்வரை அவளுடைய முதல் அட்டை வேறொன்றாக மாறப்போவதில்லை.

விற்கப் போகும்போது

விலை ஏறியது என்பதும் இலாபம் வந்தது என்பதும் ஒன்றல்ல. உயர்ந்த விலைக்கு விற்க வேண்டுமாயின் தரச்சான்று வேண்டும் என்பது இன்றைய வழக்கம். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சி.ஜி.சி. என்ற நிறுவனம் இதழைப் பரிசோதித்து, பத்துக்கு இத்தனை புள்ளி என்று மதிப்பிட்டு, கடினமான பிளாஸ்ரிக் பேழையில் அடைத்துத் தருகின்றது. 9.8 என்ற புள்ளிக்கும் 9.4 என்ற புள்ளிக்கும் இடையில் உள்ள வேறுபாடு சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. விலையிலோ பன்மடங்காகத் தெரியும். புதிய இதழ்கள் யாவும் கடையில் இருந்தே உறையிலிடப்படுவதால் 9.8 பெற்றவை ஏராளமாக உள்ளன. அப்படியானால் அந்தப் புள்ளிக்கும் பெரிய சிறப்பில்லை.

ஓர் உதாரணக் கணக்கு. நூறு டொலருக்கு வாங்கிய மாற்று அட்டையை மூன்றாண்டின் பின் நூற்றைம்பதுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். தரச்சான்றுக்கும் போகவர அஞ்சலுக்குமாக ஒரு நாற்பது டொலர். விற்பனைத் தளத்தின் அல்லது ஏல நிலையத்தின் தரகு பத்து முதல் இருபது வீதம். மிஞ்சுவது முதலிலும் குறைவு. தப்பித்தவறி இலாபம் மிகுந்தால், சேகரப் பொருட்களின் நீண்டகால இலாபத்துக்கு அமெரிக்க மத்திய அரசு 28 வீதம் வரை வரி விதிக்கலாம் என்பதையும் பலர் அறியார். பங்குகளுக்கான உச்ச வீதத்திலும் அது அதிகம்.

பேழையும் முழுப் பாதுகாப்பல்ல. பேழையை மாற்றிக் கொடுக்கும் சேவையைத் தவறாகப் பயன்படுத்தி, உயர்ந்த புள்ளி பெற்ற இதழை எடுத்துக்கொண்டு தாழ்ந்த பிரதியை உள்ளே வைத்த மோசடி ஒன்று 2023இன் இறுதியில் அம்பலமாகியது. ஐயத்துக்குரிய சுமார் 350 இதழ்களின் பட்டியலை அந்நிறுவனம் வெளியிட நேர்ந்தது.

ஜேர்சி சிற்றிவாசிகளுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. வாடகை மிகுந்த அந்நகரில் பெட்டிகள் போய்ச்சேரும் இடம் பெரும்பாலும் நிலக்கீழ் அறை. 2012 ஒக்ரோபரில் சாண்டி புயலின்போது ஹட்சன் ஆறு கரையேறி, ஜேர்சி சிற்றியையும் அயலில் உள்ள ஹோபோக்கனையும் மூழ்கடித்தது. 2021 செப்ரெம்பரில் ஐடா புயலின் மழை மீண்டும் நிலக்கீழ் அறைகளை நிரப்பியது. வீட்டுக் காப்புறுதி சேகரப் பொருட்களுக்கு முழு ஈடு தருவது அரிது. வெள்ளத்துக்கோ தனிக் காப்புறுதி வேண்டும். ஈரம் புகுந்த சித்திரக்கதைக்குச் சான்றிதழ் எதுவும் உதவாது.

எமது பழைய பெட்டிகள்

இதையெல்லாம் வாசிக்கும் மூத்தவர்களுக்கு வேறு இதழ்கள் நினைவுக்கு வரக்கூடும். 1972இல் சிவகாசியில் இருந்து 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் அதே குடும்பத்தில் இருந்து வந்த லயன் காமிக்ஸ், அதே ஆண்டில் தோன்றிய ராணி காமிக்ஸ். இவற்றின் பழைய பிரதிகளுக்குத் தமிழகத்தில் இன்று சேகரிப்பாளரிடையே கடும் போட்டி. அவற்றுக்கு மாற்று அட்டை கிடையாது, விகிதம் கிடையாது, பேழை கிடையாது. மாயாவியின் கதைக்கு மறுபதிப்புகள் பல வந்த பின்பும், முதலில் வந்த சிறிய மங்கிய பிரதிக்கே விலை. அந்தக் கதையே பிரித்தானியாவின் 'வலியன்ற்' வார இதழில் 1962இல் தொடங்கியதன் மொழிபெயர்ப்பு என்பதும் சேகரிப்பாளரின் ஆவலைக் குறைக்கவில்லை. கையில் வைத்து வாசித்த பொருளைத் தேடுகின்றனர், வேறொன்றுமில்லை.

ஈழத்தில் இவை மேலும் அரிதாயின. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் வந்ததே குறைவு. வந்தவை ஒரு வீட்டில் இருந்து மறு வீட்டுக்குக் கைமாறி, அட்டை கழன்று, முதற் பக்கம் தொலைந்து, அப்படியும் வாசிக்கப்பட்டன. எமது மண்ணிலேயே சிவஞானசுந்தரம் 1963இல் தொடங்கிய 'சிரித்திரன்', சவாரித் தம்பரையும் மைனர் மச்சானையும் கேலிச் சித்திரங்களாக வீடுதோறும் கொண்டுசென்றது. அதன் இதழ்களை வரிசை குறையாமல் வைத்திருப்போர் எத்தனை பேர்? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்கள் எரிந்த தேசத்தில், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே ஓரிரவில் பெயர்ந்து நடந்த தேசத்தில், கட்டிலின் அடியில் இருந்த சித்திரக்கதைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் யார்? பிள்ளையையும் உறுதிகளையும் எடுத்தவர்களே அதிகம், அதுவே சரி.

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இத்தகைய இதழ்களைத் தேடி மின்வடிவில் சேமித்து வருகின்றது. ரொறன்ரோவிலோ பரிசிலோ ஜேர்சி சிற்றியிலோ யாரேனும் ஊரில் இருந்து கொண்டுவந்த 'சிரித்திரன்' பிரதி ஒன்றை வைத்திருப்பின், அதற்கு அமெரிக்க விலைப் பட்டியல் எதிலும் இடமில்லை. அதனை வருடுவதற்கு ஒருநாள் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்வதால் அதன் அருமை குறையவும் மாட்டாது. மறுபதிப்பால் மாயாவியின் முதற்பிரதி மலிவாகிவிடவில்லை என்பதை முன்னரே கண்டோம்.

இனி, பிள்ளைகளின் பெட்டியை என்ன செய்வது என்று கேட்கும் பெற்றோருக்கு: சென்ற சில ஆண்டுகளில் வந்த மாற்று அட்டைகளை இலாபம் கருதி வைத்திருப்பதாயின், பிள்ளை வாசித்து மகிழ்ந்தவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றுவிடலாம்; நாள் செல்லச் செல்ல அவற்றின் எண்ணிக்கை குறையப் போவதில்லை. புதிதாக வாங்கக் கேட்டால், ஓர் அட்டையின் விலையில் கமலாவின் முழுத் தொகுப்பு நூல்கள் இரண்டு மூன்று கிடைக்கும் என்பதைச் சொல்லிப் பார்க்கலாம்.

பெட்டியை முழுவதுமாகக் கொடுத்துவிடுமுன் ஒரு சிறு சோதனை செய்வது நன்று. 2013, 2014ஆம் ஆண்டு மார்வல் இதழ்களின் அட்டையில் உள்ள கோட்டுக் குறியீட்டின் அருகே, சிறிதாக ஐந்து இலக்கங்கள் தனியே அச்சிடப்பட்டிருக்கும். முதல் மூன்றும் இதழின் எண். நான்காவது எந்த அட்டை என்பதைச் சொல்லும். ஐந்தாவது எத்தனையாவது பதிப்பு என்பதைக் குறிக்கும். 'கப்டன் மார்வல்' இதழ் ஒன்று கையில் அகப்பட்டு, அந்த இலக்கங்கள் 017 என்று தொடங்கி 2இல் முடியுமாயின், அதை மட்டும் நிலக்கீழ் அறையில் இருந்து மேல்மாடிக்கு எடுத்துச் சென்று வையுங்கள்.